பொம்மையிடம் மாடி கேட்டவள்

எனக்கு மாடி வேண்டும். அவ்வளவுதான் என் பிரச்சினை. நாங்கள் குடியிருக்கும் வீட்டை ஹவுஸ் ஓனர் இடித்துக் கட்டப்போகிறாராம், மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். என் கணவரின் அண்ணன் வீட்டில் மாடி ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. யார் கேட்பது என்று பேச்சு வந்ததும் இவர் நழுவினார்.

"நீயே அண்ணிகிட்ட கேட்டுடேன். பொம்பளைங்க பேசிக்கிட்டா சுலபமா முடியும்" என்று சொல்லிவிட்டு ஷேவ் பண்ணப் போனார். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் ஷேவ் பண்ணியிருந்தார்.

அவருக்கு அண்ணி, எனக்கு ஓரகத்தி. பன்னிரண்டு வருடமாக எனக்கும் அவளுக்கும் ஆகாது. சண்டை என்று ஒன்று போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம், அதுவும் கிடையாது. நான் ஆசை ஆசையாக வாங்கிய சோபாவைப் பார்த்து, "இந்தக் கலர வாங்க ஒரு தைரியம் வேணும்" என்றாள். என் சமையலறைக்குள் வந்தால் டப்பாக்களை எல்லாம் உயரவாரியாக அடுக்கிவிட்டுத்தான் போவாள். இவளிடம் போய்க் கையேந்துவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வேலை பார்ப்பது மேகபுரி என்ற இணைய உலகத்தை நடத்தும் கம்பெனியில். லட்சக்கணக்கான ஜனங்கள் அதில் வீடு கட்டி, தோட்டம் போட்டு, பொழுதன்னைக்கும் அங்கேயே கிடக்கிறார்கள். புது அப்டேட் எது வந்தாலும் வெளியே விடுவதற்கு முன் அதை முட்டி, மோதி, உடைத்துப் பார்ப்பது என் பிழைப்பு. உடைத்தால் சம்பளம் தருகிற வேலை வேறு எங்கே கிடைக்கும்?

இந்தத் தடவை அப்டேட்டில் வந்தது பொம்மை. வீட்டு ஆள் இல்லாத நேரத்தில் அவர் சாயலில் ஒரு பொம்மை நின்று, வருகிறவர்களை வரவேற்று, அவர் எழுதுகிற மாதிரியே பதில் தட்டும். தலைக்கு மேல் நீலப் புள்ளி இருந்தால் பொம்மை. வீட்டு ஆள் உள்ளே வந்துவிட்டால் பொம்மை மறைந்துவிட வேண்டும். சோதனைக்கு நாற்பது பேர் தங்கள் மேகபுரி வீட்டைத் தந்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் என் ஓரகத்தி பெயரும் இருந்தது. அங்கே அவளுக்கு இருப்பது வீடில்லை, அரண்மனை. நீரூற்று என்ன, ஊஞ்சல் என்ன, யாரும் வாசிக்காத பியானோ என்ன! சொந்தக்காரர் யார் வந்தாலும் போனை நீட்டிச் சுற்றிக் காட்டாமல் விடமாட்டாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. நுழைந்தேன். வாசலில் நீலப் புள்ளியோடு பொம்மை நின்றது. "வாங்க. செருப்ப ஓரமா விடுங்க" என்று தட்டியது. அச்சு அசல் அவளேதான். நான் செருப்போடு உள்ளே போய், நீரூற்றில் குதித்து, ஊஞ்சலைத் தலைகீழாகச் சுழற்றி, பியானோ மேல் ஏறி நின்றேன். எல்லாம் சோதனைதான். திரும்பிப் பார்த்தால் பொம்மை கூடத்தில் நிற்கிறது, தலைக்கு மேல் புள்ளியைக் காணோம். ரிப்போர்ட்டில் எழுதினேன்: "வீட்டுக்குள் வந்தால் நீலப் புள்ளி தெரியவில்லை. சின்னக் கோளாறு, அவசரமில்லை."

பிறகு பொம்மையிடம் தட்டினேன். "ஏ பொம்மை, உங்கம்மாவுக்கு என் சோபா மேல என்ன கடுப்பு?"

பதில் வந்தது. "கடுப்பு இல்லை. அந்த மாதிரி கலர் வாங்க எனக்குத்தான் தைரியம் வராது."

"பதில் பொருந்தவில்லை. அசல் ஆளுக்கு இவ்வளவு தன்னடக்கம் கிடையாது" என்று எழுதிக்கொண்டேன். "நின்ன இடத்துலயே ஒரு சுத்து சுத்து" என்றேன். சுற்றியது. சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று அதையும் எழுதினேன். அந்த உற்சாகத்தில் பன்னிரண்டு வருடத்துப் புழுக்கத்தையும் கொட்டித் தீர்த்தேன். மகராசி, மிடுக்குராணி, டப்பா இன்ஸ்பெக்டர், ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை.

மனசு லேசானதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை இதனிடமே ஒத்திகை பார்த்தால் என்ன? விஷயத்தைச் சொல்லி, மூன்று விதமாகக் கேட்டேன். முதலில் அழுதுகொண்டே. அடுத்து கெத்தாக, ஏதோ போனால் போகிறது நாங்கள் வந்து இருக்கிறோம் என்கிற தோரணையில். கடைசியில், "உங்களை மாதிரி பெரிய மனசு யாருக்கு வரும்" என்று ஐஸ் வைத்து.

"மூணாவது வேண்டாம். சிரிப்பு வருது" என்றது பொம்மை.

"பிரமாதம். நகைச்சுவை உணர்வு இருக்கிறது. பாஸ்" என்று ரிப்போர்ட்டை முடித்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை, அந்த அப்டேட்டை எழுதிய நெட்டையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தான்.

"மேடம், புள்ளி காணாமல்லாம் போகல. நீங்க உள்ள போன ரெண்டாவது நிமிஷம் வீட்டுக்காரம்மா லாகின் பண்ணிட்டாங்க. பொம்மை மறைஞ்சிருச்சு, சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. அது சரி, ஒன்றரை மணி நேரம் அவங்ககிட்ட என்ன பேசினீங்க?"

போச்சு, எல்லாம் போச்சு! மாடி போச்சு, மானம் போச்சு. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், மனுஷன் சோபாவில் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "சிரிங்க, மாசக் கடைசில நடுத்தெருவுல நின்னு சிரிங்க" என்று கத்தினேன். ஆனாலும் போகாமல் இருக்க முடியுமா? வேறு வீடும் அமையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு வாசலில் இவர் வண்டியை நிறுத்தி, டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று அப்படியே கிளம்பிப் போய்விட்டார். நான் மட்டும் மணியை அடித்தேன். ஓரகத்தி கதவைத் திறந்து, ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காரு. இன்னைக்கு நீதான் பொம்மை. நான் பேசுவேன். நீ வாயத் தெறக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். பேசினாள் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு! நான் மறந்துபோன தேதியெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. நடுவில் இரண்டு தடவை வாயைத் திறக்கப் பார்த்தேன், விரலை ஆட்டி அடக்கிவிட்டாள்.

"டப்பா அடுக்குறேன், டப்பா அடுக்குறேன்னு சொன்னியே. உன் வீட்டுக்கு வந்தா நீ என்கூடப் பேசவே மாட்ட. போனைப் பாத்துட்டு உக்காந்திருப்ப. நான் கையை வெச்சுக்கிட்டு சும்மா நிக்க முடியுமா?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது.

"மாடிக்கு மூணு பேரு வந்து கேட்டாங்க. இல்லைன்னு அனுப்பிட்டேன். உங்க ஹவுஸ் ஓனர் இடிக்கப்போறாருன்னு கொழுந்தனார் போன வருஷமே சொல்லிட்டாரு. நீ வந்து கேப்பேன்னு பூட்டி வெச்சிருந்தேன். நீ என்னடான்னா, இருக்கற மனுஷிய விட்டுட்டு ஒரு பொம்மைகிட்டப் போய்க் கேட்டிருக்க."

போன வருஷமே தெரிந்தும் என்னிடம் மூச்சு விடாத அந்த மனுஷனுக்கு வீட்டுக்குப் போய்க் கச்சேரி இருக்கிறது, அது வேறு. அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது. எதையும் யோசிக்காமல் கேட்டேன்.

"மாடியை எங்களுக்குக் குடுங்கக்கா."

"காதுல விழல."

"மாடியைக் குடுங்கக்கா."

"இன்னொரு தடவை சொல்லு, நல்லாருக்கு" என்று சிரித்தாள் ராட்சசி. நாலு தடவை கேட்க வைத்தாள். இன்னும் நாற்பது தடவை கேட்கச் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.