கார்டு இல்லாத பெட்டிகள்

பல் செட் செய்வது அவருடைய தொழில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வாங்கி, வீட்டுப் பின்னறையில் மெழுகும் பிளாஸ்டருமாக உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவர் வாய்க்குப் பொருந்தும்படி பல்வரிசை கட்டிக் கொடுப்பார். தெருவில் அவர் பெயர் பல்லுக்காரர்தான். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர் பல்லை இன்னொருவருக்கு மாற்றி அனுப்பியதில்லை. ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு எண், எண்ணை எழுதி ஒட்ட ஒரு சீட்டு. அப்படிப்பட்ட மனிதரை, உள்ளங்கைக்குள் அடங்கும் நாலு பெட்டிகள் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தன.

பெட்டிகள் பாட்டுக் கேட்பதற்கு. ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர். பெட்டிக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு இருக்கும். அதில்தான் அதன் அறிவெல்லாம். சிக்கல் என்னவென்றால், பல்லுக்காரர் மனைவி சமையலறைக்குள் நுழைந்ததும் விளக்குக்கும் பெட்டிக்கும் சேர்த்து இருந்த ஸ்விட்சைப் போடுவாள், வெளியே வரும்போது பட்டென்று அணைப்பாள். கம்ப்யூட்டரை அப்படி அணைக்கக் கூடாது, கார்டு கெட்டுவிடும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். விளக்கை அணைக்கக்கூட அதுகிட்ட உத்தரவு வாங்கணுமா என்று கேட்டுவிட்டு அவள் அணைத்தாள். ஒரே வருடத்தில் மூன்று கார்டுகள் செத்தன.

அப்போதுதான் இணையத்தில் ஒரு வழி கண்ணில் பட்டது. பெட்டிக்குக் கார்டே வேண்டாம். ஸ்விட்ச் போட்டதும் அது கேபிள் வழியாக, "நான் யார், நான் என்ன செய்யணும்" என்று வீட்டைப் பார்த்துக் கேட்கும். சர்வர் என்று ஒரு கம்ப்யூட்டர் ஏதாவது ஒரு மூலையில் விழித்திருந்து, "நீதான் சமையலறை, இந்தா உன் வேலை" என்று எல்லாவற்றையும் அனுப்பிவைக்கும். பெட்டியை எத்தனை தடவை பட்டென்று அணைத்தாலும் கெடுவதற்கு அதற்குள் ஒன்றும் இல்லை. பல்லுக்காரர் பழைய லேப்டாப் ஒன்றை சர்வராக்கி, பின்னறை அலமாரியில் பிளாஸ்டர் மூட்டைக்கு மேலே வைத்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் பிறவியிலேயே உள்ள, இலக்கமும் ஆங்கில எழுத்தும் கலந்த பன்னிரண்டு இட எண்ணைச் சர்வரில் பதிந்தார். எண் தெரியாத பெட்டி ஏதாவது கேட்டால் ஹால் பெட்டியின் நகலைக் கொடு என்றும் சொல்லிவைத்தார், நாளைக்கு ஐந்தாவது ஒன்று வாங்கினால் உதவும் என்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மூன்றாவது ஞாயிறு நாலு பெட்டியும் கார்டில்லாமல் கண் விழித்துப் புல்லாங்குழல் வாசித்தன. மனைவி சமையலறைப் பெட்டியை ஏழு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஏழு தடவையும் வாசித்தது.

ஒரு மாதம் நிம்மதி. அதற்குப் பிறகுதான் குழப்பம்.

ஒரு நாள் காலை சமையலறைப் பெட்டி ஊமையாக இருந்தது. பச்சை விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. அணைத்துப் போட்டதும் சரியாயிற்று. மறுநாள் படுக்கையறைப் பெட்டி அதே மாதிரி. அதற்கடுத்த நாள் நாலும் ஒழுங்காகப் பாடின. பல்லுக்காரர் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். ஊமையாக இருந்த நேரத்தில் சமையலறைப் பெட்டி தன்னிடம் எதையும் வாங்கவே இல்லை என்றது சர்வர். வாங்காமல் பச்சை விளக்கு எப்படி எரியும்? அது போகட்டும் என்றால், பட்டியலில் ஹால் என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒரு நாள் மூன்று. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு ஹால். அவர் எழுந்து போய்ப் பெட்டிகளை எண்ணினார். நாலுதான். திரும்பி வந்து பட்டியலை எண்ணினார். ஆறு.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேபிளை மாற்றினார், லேப்டாப்பை அழித்து முதலிலிருந்து எழுதினார். ஒரு மேல்வரிசைப் பல்லைத் தலைகீழாக மெழுகில் பதித்துவிட்டு, தானே பார்த்துத் திடுக்கிட்டுப் பிடுங்கி எடுத்தார். மனைவி சொன்னாள், பாட்டே வேண்டாம், நீங்க பழையபடி சாப்பிடும்போது சாப்பாட்டைப் பாத்தா போதும் என்று.

இந்த இடத்தில் மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீடு அவர் மனைவிக்கும் அவளுடைய தங்கைக்கும் சேர்ந்தது. கீழே இவர்கள், மேலே தங்கையும் அவள் புருஷனும். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே இணைய இணைப்பு. மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அலமாரியிலிருந்து ஒரு கேபிள் மேலே போகும். தங்கை ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவள் புருஷன், பல்லுக்காரருக்குச் சகலை, லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று பெயர்.

ஆறு மாதமாகச் சகலைகளுக்குள் பேச்சு இல்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. படியில் ஏறிப்போனவரைப் பல்லுக்காரர் மூன்று முறை கூப்பிட்டார். அவர் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டபோது, சம்பந்தமே இல்லாமல் தலையாட்டினார். தலைக்கனம் என்று பல்லுக்காரர் முடிவு கட்டினார். "அவர்கிட்டப் பேசுறது செவிடன் காதுல சங்கு ஊதுற மாதிரி," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தானும் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அக்காவும் தங்கையும் மட்டும் வழக்கம்போலப் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரத்து ஞாயிறு, காலை பதினோரு மணி. கோளாறு லேப்டாப்பிலா பெட்டியிலா என்று ஒரே அடியாகத் தெரிந்துகொள்ள நினைத்தார் பல்லுக்காரர். லேப்டாப்பை அணைத்தார். மின் வயரைப் பிடுங்கினார். பேட்டரியையும் கழற்றி மேசைமேல் வைத்தார். இப்போது எந்தப் பெட்டியைப் போட்டாலும் அது கேட்டுக் கேட்டு, பதில் வராமல் விழித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஹால் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டார்.

ஒரு நிமிடம் கழித்துப் பெட்டி வாய் திறந்தது.

"கல்," என்றது ஒரு பெண் குரல். கொஞ்சம் இடைவெளி. "பல்." மறுபடி இடைவெளி. "கால். பால். வால்."

பல்லுக்காரர் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தார். மனைவி சமையலறையிலிருந்தபடியே, தங்கச்சி வந்திருக்காளா, உக்காரச் சொல்லுங்க, கைவேலையா இருக்கேன் என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். ஹாலில் புருஷனைத் தவிர யாரும் இல்லை. "வலி," என்றது தங்கச்சியின் குரல். "வழி."

"இவ கடைக்குப் போறேன்னுல்ல சொன்னா," என்றாள் மனைவி, பெட்டியையே பார்த்துக்கொண்டு. "உள்ள என்ன பண்றா?"

பல்லுக்காரர் மாடிப்படி அலமாரியைத் திறந்தார். மேலே போகும் கேபிளைப் பிடுங்கினார். ஹாலில் குரல் நின்றது. கேபிளைச் செருகிப் பெட்டியை மறுபடி போட்டார். கல், பல் என்று முதலிலிருந்து தொடங்கிற்று. ஆக, மேலே இன்னொரு சர்வர் இருக்கிறது. தன் பெட்டிகள் கேட்கும் கேள்விக்கு அங்கிருந்தும் ஒருத்தர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எது முந்துகிறதோ, பெட்டி அதன் பேச்சைக் கேட்கிறது.

மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கார்டில்லாப் பெட்டி விஷயத்தை ஒன்று விடாமல் தங்கையிடம் சொன்னது அவள்தான். எந்தப் பெட்டி, எந்தக் குறிப்பைப் படித்துச் செய்தார் என்பது வரைக்கும்.

சொல்லாமல் கொள்ளாமல் தன்னைப் பார்த்துக் காப்பியடித்தது போதாதென்று, மூன்று வாரமாகத் தன்னைப் பைத்தியக்காரனாகவும் ஆக்கியிருக்கிறார் மனிதர். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பல்லுக்காரர் படியேறினார். கதவு திறந்திருந்தது. தட்டினார். பதில் இல்லை. உள்ளே சகலை வாசலுக்கு முதுகு காட்டி, ஒரு சின்னப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாள்.

"பால்," என்றது பெட்டி.

"கால்," என்றார் சகலை. தாளைப் பார்த்தார். பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"சகல," என்று கூப்பிட்டார் பல்லுக்காரர். பெட்டி அடுத்த சொல்லைச் சொல்லிற்று. "சகல," என்றார் இன்னும் உரக்க. அந்த முதுகு அசையவில்லை. தாளில் நிறையக் கோடுகள் இருந்தன. வலது காதுக்குப் பின்னால், முடிக்குள் பாதி மறைந்து, தோல் நிறத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது.

கேட்க வந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று. சங்கு என்று தான் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. இறங்கிப் போய்விடலாமா, உள்ளே போகலாமா என்று தெரியாமல் நின்றார். அவர் நிழல் தாள்மேல் விழுந்திருக்க வேண்டும். சகலை திரும்பினார். கை தானாகக் காதை மூடப் போய், பாதியில் நின்றது.

"எப்ப வந்தீங்கண்ணே?"

"இப்பதான்," என்றார் பல்லுக்காரர். பிறகு சகலை தன் வாயையே பார்ப்பதைக் கவனித்து, நிதானமாக இன்னொரு தடவை சொன்னார்.

சகலை மெல்ல மெல்லச் சொன்னார். மோட்டார் அறைகளில் இருபது வருடம். இடது காது போன வருடமே போய்விட்டது. வலதும் பாதிதான். காதுக் கருவி வாங்கி மூன்று மாதம் ஆகிறது. கருவி சத்தத்தைத்தான் கொடுக்கும், சொல்லைக் காதுதான் மறுபடி பழகணும், நாள் முழுக்கக் கேளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் தங்கை சொற்களைப் படித்துப் பதிந்து கொடுத்தாள். போகிற அறையிலெல்லாம் ஒலிக்கட்டும் என்று மூன்று பெட்டி வாங்கினார். யாருக்கும் சொல்லக் கூடாது, அக்காவுக்குக்கூட, என்று தங்கையிடம் சத்தியம் வாங்கியதும் அவர்தான். காது கேட்காத லிஃப்ட் மெக்கானிக்கை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

"மூணு வாரமா இன்னும் மோசம்ணே," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அவ வேலைக்குப் போன பிறகு பெட்டியப் போட்டா, சில நாள் சொல்லே வரமாட்டேங்குது. அலை மாதிரி, இழுவையா, என்னமோ வருது. எவ்வளவு கவனமா கேட்டாலும் ஒரு எழுத்துகூடப் பிடிபடல. சரி, இருந்த காதும் போச்சுன்னு நெனச்சேன். அவகிட்டச் சொல்லல. மருத்துவர்கிட்ட வியாழக்கிழமைக்கு நேரம் கேட்டிருக்கேன்."

பல்லுக்காரர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது புல்லாங்குழல்," என்றார்.

சகலைக்குப் புரியவில்லை.

"ஒங்க காது இல்ல, சகல. அது என் பாட்டு. ஒங்க பெட்டி என் சர்வர்கிட்ட வந்துருக்கு. என் பெட்டி ஒங்ககிட்ட வந்துருக்கு."

அவர் விளக்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று, பாதியைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. தன் சமையலறைப் பெட்டியும் படுக்கையறைப் பெட்டியும் ஏன் ஊமையாயின என்பதும் எழுதும்போதுதான் அவருக்கே விளங்கிற்று. அவற்றில் ஒலிக்கென்று தனியாக ஒரு மின்சுற்றுப் பலகை மாட்டியிருந்தது. மாடியிலிருந்து வந்த மென்பொருளுக்கு அப்படி ஒரு பலகை இருப்பதே தெரியாது. ஹால் பெட்டியில் அந்தப் பலகை இல்லை, அதனால் அது பேசிவிட்டது. பட்டியலில் கூடுதலாக வந்த ஹால்கள் சகலையின் பெட்டிகள். சகலை தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு முகத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். அவர் சிரிக்கிறாரா வேறேதாவதா என்று பல்லுக்காரருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே சரிசெய்ய உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சர்வரும் தன் பெட்டிகளின் எண்ணுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், மற்றதைக் கண்டுகொள்ளக் கூடாது, அவ்வளவுதான். பல்லுக்காரர் கட்டிலுக்கடியில் படுத்து அங்கிருந்த பெட்டியின் எண்ணை உரக்கப் படித்தார், சகலை தட்டினார். பெட்டி விழிக்கவில்லை. மறுபடி படித்தார். அப்போதும் விழிக்கவில்லை. எழுந்து வந்து திரையைப் பார்த்தால், பி இருக்க வேண்டிய இடத்தில் டி, டி இருக்க வேண்டிய இடத்தில் ஈ. சகலை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பல்லுக்காரர் கீழே போய், பல் தட்டில் ஒட்டும் சீட்டுகளை எடுத்துவந்து, மூன்று எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி மேசைமேல் ஒட்டினார். போனில் பல் மருத்துவர்களுக்கு எண் சொல்லும்போது தனக்கும் இதே கதைதான் என்றார். அது உண்மையில்லை என்று இருவருக்கும் தெரியும்.

கடையிலிருந்து வந்த தங்கை, இரண்டு சகலைகளும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பையை இறக்காமல் நின்றாள். அக்காவுக்குத் தெரிந்தபோது அவளுக்குக் கோபம் தீர இரண்டு நாள் ஆயிற்று. அத்தனை கதையும் பேசுறவ இத மட்டும் மறைச்சுட்டா என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு மேலே போனவள் சாயங்காலம் வரை இறங்கவில்லை.

மருத்துவரிடம் வியாழக்கிழமை சகலை போனார். காது அப்படியேதான் இருக்கிறது; கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாதக் கடைசியில் அவரே கம்பெனியில் சொன்னார். மோட்டார் அறை வேலையிலிருந்து எடுத்து, புது லிஃப்ட்களுக்கு வயரிங் வரைபடம் சரிபார்க்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். இதற்கு நல்லது என்று சொல்வதா, ஆறுதல் சொல்வதா என்று பல்லுக்காரருக்கு விளங்கவில்லை. சகலைக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை. நாற்காலி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஒரே குரலைக் கேட்டால் போதாது, பல பேர் குரல் பழக வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், அக்கா உட்கார்ந்து நூறு சொல் படித்துக் கொடுத்தாள். அடுத்த நாள் மைக்குக்கு முன்னால் பல்லுக்காரர் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தாள் முழுக்கப் படித்தார். சகலை கருவியைச் சரிசெய்துகொண்டு அதைக் கேட்டார். பென்சில் கோடு போட்டுக்கொண்டே போயிற்று. முப்பது சொல்லில் இருபத்தாறு தப்பு.

காது மறுபடி இறங்கிவிட்டதோ என்று பல்லுக்காரர் சகலையின் முகத்தைப் பார்த்தார். சகலை தங்கையைக் கூப்பிட்டு, நீ கேளு என்று பெட்டியைத் திருப்பிவைத்தார். நல்ல காதுக்காரியான அவளும் பதினெட்டு தப்பு விட்டாள்.

"நீங்க வாய்க்குள்ளயே பேசுறீங்கண்ணே," என்றார் சகலை. "கொஞ்சம் பல்லு தெரியப் படிங்க."

பல்லுக்காரர் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்.