கெட்டி மூன்று

நாஜியாவின் கம்ப்யூட்டரில் ஒரு நூல் ரெசினுக்குள் நீந்திக்கொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கண்ணாடி நூலையும் ரெசின் என்ற பிசினையும் சேர்த்துப் பெரிய விசிறிகள் வார்க்கும் கம்பெனி அது. அச்சுக்குள் ரெசின் பாயும்போது நூல் சுருண்டுகொண்டால், விசிறி அந்த இடத்தில் விரிசல் விடும். நூல் எப்போது சுருளும், எப்போது நேராகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கைப் போடத்தான் 2006-இல் பழவேற்காட்டுப் பெண்ணான அவளை லேபில் எடுத்திருந்தார்கள்.

நூலை நூறு மணி கோத்த மாலையாக வைத்துக்கொள்ள வேண்டியது. ஒவ்வொரு மணியையும் ரெசின் எவ்வளவு இழுக்கிறது, பக்கத்து மணி எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று பார்க்க வேண்டியது. ரெசின் கெட்டியாக ஆக நூல் வளையும். நூல் விறைப்பாக ஆக நேராக நிற்கும். இந்த மல்லுக்கட்டுதான் மொத்தக் கணக்கும்.

அதைச் சரிபார்க்கக் கண்ணாடித் தொட்டியில் சோதனை செய்தவள் பிரின்சி. கவரைப்பேட்டைக்காரி, டிப்ளமோ படித்தவள், பேக்கிங்கிலிருந்து லேபுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் வீட்டில் கம்பெனி வேலையை உட்கார்ந்து பார்த்த முதல் ஆள் அவள்தான். நோட்டில் முத்துமுத்தாக எழுதியிருந்தாள்: 'கெட்டி 1 – சுருண்டது. கெட்டி 2 – பாதி வளைந்தது. கெட்டி 3 – நேராகப் போனது.'

நாஜியாவுக்கு எரிச்சலாக வந்தது. கணக்கு சொல்வதற்கு எல்லாம் நேர் தலைகீழ். ரெசின் பாட்டிலை மாற்றி எடுத்திருப்பாள், கவனம் போதாது என்று தானே தீர்ப்பு எழுதி, மேனேஜர் வீரராகவனிடமும் சொல்லிவிட்டாள். மறுநாளே பிரின்சியைப் பேக்கிங்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமைக்குள் கணக்கைக் காட்டியாக வேண்டும். சோதனையைத் தானே செய்துவிடலாம் என்று கிளம்பிய நாஜியா, ரெசின் கலக்கும் சாம்சனிடம் போய், கெட்டி மூன்றில் ஒரு லிட்டர் கொடுங்கள் என்றாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"ரெசின்ல ஏது மேடம் கெட்டி? அது திக்கு, இல்லாங்காட்டி லூசு. நூலத்தான் நாங்க கெட்டின்னுவோம்."

ரேக்கில் மூன்று நூல்கண்டுகள் இருந்தன. தொட்டுப் பார்த்தாள். முதலாவது துவண்டது, மூன்றாவது ஈர்க்குச்சியைப் போல விறைத்து நின்றது.

நாஜியாவுக்குக் காது சூடாகிவிட்டது. அவள் வீட்டில் ஆணம் என்கிற குழம்பு கெட்டியாகும், பாயசம் கெட்டியாகும். கெட்டி என்றாலே அவளுக்கு அடுப்பில் இருக்கிற சட்டிதான். பிரின்சி எழுதியதோ நூலின் விறைப்பை. ரெசின் மூன்று முறையும் ஒன்றுதான். நோட்டில் இருந்ததை அப்படியே கணக்கில் ஏற்றினாள். திரையில் நூல் முதலில் சுருண்டது, அடுத்து பாதி வளைந்தது, மூன்றாவது முறை நேராகப் போனது. இத்தனை நாள் ஏங்கிய பொருத்தம் கண்ணெதிரே நின்றபோது அவளுக்கு அவமானமாக இருந்தது.

கணக்கு பொருந்தியதைக் காட்டியதும் வீரராகவனுக்கு வாயெல்லாம் பல். தப்பு பிரின்சி மேல் இல்லை, நோட்டைப் படிக்கத் தெரியாதவள் நான்தான் என்று அவள் சொன்னதும் முகம் சுருங்கியது. பேக்கிங்கில் ஆள் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இழுத்தார். அப்படியானால் ரிப்போர்ட்டில் 'சோதனை: பிரின்சி, பேக்கிங் பிரிவு' என்றே போடுகிறேன், ஹெட் ஆபீஸ் கேட்டால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்றாள் நாஜியா. அவர் பேனாவைத் திறந்து மாற்றல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பேக்கிங் ஷெட்டில் பிரின்சி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாஜியா நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புவித்து, தாளை நீட்டினாள். பிரின்சி டேப்பை ஓரம்வரை அழுத்தி ஒட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். தாளை வாங்கிக்கொண்டாள், ஆனால் படிக்கவில்லை.

"நாலு மாசமா பக்கத்து சீட்லதான மேடம் குந்திகினு இருந்தேன்? கெட்டின்னா இன்னான்னு என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."