ஒட்டிலியாவின் கரண்டி

காஸ்பர் ஹோக் தனக்கு ஒரு நீளத் துப்பாக்கி வேண்டுமென்று என்னிடம் சொன்னது வசந்தத்தில். குழலுக்கான இரும்புப் பட்டையை நானும் என் மனைவி சிபில்லாவும் சேர்ந்துதான் சுருட்டி ஒட்டினோம். அவள் துருத்தி, நான் சுத்தியல். குழலைக் கடைந்து, குண்டு சுழன்று போக உள்ளே வரி வெட்டி முடிப்பதற்குள் கோடை போய்விட்டது. வாரம் ஒருமுறை காஸ்பர் வந்து எட்டிப் பார்ப்பான்.

"நீ முடிக்கிறதுக்குள்ள என் பொண்ணு வேட்டைக்குக் கெளம்பிருவா" என்பான்.

மகள் ஒட்டிலியா ஒன்றரை வயதுக்காரி. அவன் தோளில் உட்கார்ந்து தொப்பி விளிம்பைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

அக்டோபரில் ஓடைக்கரை முழுக்கத் தொண்டைக் காய்ச்சல் பரவியது. ஒரே வாரத்தில் எங்கள் தேவாலயத்திலிருந்து ஐந்து சின்னப் பெட்டிகள் போயின. ஒன்றில் ஒட்டிலியா.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள் காஸ்பர் வந்தான். துப்பாக்கியின் மேப்பிள் கட்டையில் கொடி வேலைப்பாடு செதுக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளிக் கரண்டியை எடுத்து வைத்தான். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்த பரிசு. துப்பாக்கியில் கன்னம் பதியும் இடத்தில் இதை எட்டு முனை நட்சத்திரமாகப் பதித்துத் தரவேண்டும் என்றான்.

கரண்டியின் விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. அவன் மனைவி அப்பொலோனியாவுக்குச் சம்மதமா என்று கேட்டேன். உலையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டினேன். இரண்டாவது அடியிலேயே பள்ளங்கள் மறைந்துவிட்டன. தகடாக்கி, நட்சத்திரமாக அறுத்து, அதே அளவுக்கு மரத்தைக் குடைந்து பதித்தேன். குட்டி வெள்ளி ஆணிகளை அடித்து, மரத்தோடு மட்டமாக அராவினேன். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான்.

நான்கு நாள் கழித்து அப்பொலோனியா தூறலில் நடந்தே வந்தாள். செருப்பெல்லாம் சேறு. வீடு முழுக்கத் தேடினாளாம். கடைசியில்தான் காஸ்பர் உண்மையைச் சொல்லியிருக்கிறான்.

"கரண்டியக் குடுங்கண்ணே. அதுல அவ கடிச்ச தடம் இருக்கு."

சிபில்லாதான் அவளை உட்காரவைத்து, துப்பாக்கியை எடுத்துவந்து மடியில் வைத்தாள். அப்பொலோனியா நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையாக விரலால் தடவிப் பார்த்தாள். திரும்பவும் தடவினாள்.

"வழவழன்னு இருக்கே" என்றாள்.

பெயர்த்துத் தருகிறேனம்மா என்றேன். அது எதற்கு என்று கேட்டுவிட்டு எழுந்துபோனாள். தூறல் நிற்கும்வரை இருக்கச் சொல்லி சிபில்லா வாசல்வரை ஓடினாள். அவள் நிற்கவில்லை.

சனிக்கிழமை காஸ்பர் வந்தபோது, என்னிடம் ஏன் பொய் சொன்னாய் என்று சண்டை பிடித்தேன். அவன் மரக்குற்றியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பொலோனியா நாள் பூரா அந்தக் கரண்டிய உதட்டுல வச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாடா. அடுப்பு மூட்டல, மாடு கறக்கல. கண்ணுல படாம போனாத் தேறிருவான்னு நெனச்சேன். எங்கிட்டயும் பொண்ணோட ஒரு துண்டு இருக்கட்டும்னு ஆசை. பொய் இல்ல, அதுவும் இருந்துச்சு."

மரத்துக்கு நிறம் ஏறத் திராவகம் தடவி அனலில் காட்டி, எண்ணெய் தேய்த்து, துப்பாக்கியைக் கொடுத்தனுப்பினேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அப்பொலோனியா பக்கத்தில் லெபனான் என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பனி உருகும் சமயத்தில் காஸ்பர் துப்பாக்கியோடு வந்து, நட்சத்திரத்தை எடுத்துவிடு என்றான். எடுக்கும்போது மரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. அந்தக் குழியில் பித்தளை வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். நட்சத்திரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு லெபனானுக்கு நடந்தான்.

கதவருகிலேயே வாங்கிக்கொண்டாளாம். சாப்பிட்டாயா என்று கேட்டாளாம். அவனோடு திரும்பி வரவில்லை.

அவன் அதைச் சொல்லிவிட்டுப் போன பிறகு சிபில்லா துருத்திப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பல் தடத்த நானும் பாத்தேன். நீங்க காஸ்பர்கிட்ட இன்னொரு தடவ கேப்பீங்கன்னு இருந்துட்டேன்" என்றாள்.

அது பல் தடம் என்று நான் அன்றே பார்த்ததை அவளிடம் அதுவரை சொன்னதில்லை.