சின்ன யாப்பு

பத்திநாதரின் வாய் கொழும்பு வரைக்கும் போய்த் திரும்பும். கை மட்டும் மடியை விட்டு எழும்பாது. வேறு யாருமல்ல, அவருடைய மனைவி பவுலினாவே அப்படிச் சொல்வாள்.

மாம்புரிக் கரைவலைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வலை இழுக்கும் கரைத்துண்டுக்குப் பாடு என்று பேர். பாடு ஒன்று, வலைகள் பல. ஆகவே முறை வைத்துத்தான் இறக்குவார்கள். முறை யாருக்கு என்பதைச் சங்கத்தின் சட்டக்கோவையான யாப்புச் சொல்லும். உறுப்பினர் இறந்தால் முறை மகனுக்கு என்று அதில் இருந்தது. சண்டைக்காலத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே வலை கட்டிய முருகேசு, சண்டை ஓய்ந்து சில வருஷத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவருக்கு மகன் இல்லை. மனைவி இராஜேஸ்வரியும் மகள் வதனாவும் கரையோரக் குடிலான வாடிக்குள் கிடந்த புது வலையும்தான் மிச்சம்.

நாட்டுக்குப் புது அரசியல் யாப்பு எழுதப் போகிறார்கள் என்று எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. இராஜேஸ்வரி பத்திநாதரின் வாசலுக்கு வந்தாள்.

“இழுக்கிறதுக்கு ஆள் நான் பிடிப்பன் அண்ணை. அவற்ர முறையை என்ர பேருக்கு மாத்தித் தாங்கோ.”

“பொறு தங்கச்சி. நாட்டுக்குப் புது யாப்பு வருது. பெரிசு மாறினா சின்னது தன்பாட்டில மாறும்.”

“நாட்டு யாப்பில இப்பவும் ஆம்பிளை பொம்பிளை எண்டு பிரிக்கக்கூடாது எண்டுதான் கிடக்காம். வதனா வாசிச்சுச் சொன்னவள். உங்கட யாப்புத்தானே அண்ணை என்னைத் தள்ளி வைக்குது?”

“அது வேற, இது வேற” என்று முணுமுணுத்தார் மனுஷன். வேறொன்றுமில்லை, பயம். நாலு வலைக்குச் சொந்தக்காரர் அத்தாஉல்லா. அவர் முகம் சுளித்தால் தலைவர் கதிரை ஆடிவிடும். நாட்டின் யாப்பை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு வேண்டும், சில விஷயத்துக்குச் சனத்தின் வாக்கும் வேண்டும். சங்கத்தின் யாப்புக்கோ கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் கை உயர்த்தினால் போதும். அது பத்திநாதருக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்திருந்தும் புத்தளத்துக்கு வெளிக்கிட்டார். சனத்தின் கருத்தைக் கேட்க வந்த குழுவின் முன்னால் என்ன பேச்சு! மத்திய அரசு மாகாணங்களுக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும், கொடுத்ததைப் பறிக்கக் கூடாது என்றார். “பெரிய யாப்புத் தாற உரிமையைச் சின்ன யாப்புக் கூட்டலாம், குறைக்கேலாது” என்றார். கைதட்டல் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் சங்கச் செயலாளர் பதுர்தீன் பக்கத்தில் இருந்தார். “தலைவர், நம்மட யாப்பு கூட்டுதா, குறைக்குதா?”

பத்திநாதர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுந்தம் காட்டினானாம் என்பது அன்று அவருக்காகவே சொன்னதுபோல் இருந்தது.

பிறகென்ன? சோளகக் காற்று ஓய்ந்து கடல் அடங்கும், மற்றவர்கள் வலை இறக்குவார்கள், இராஜேஸ்வரி அவர்களுடைய வாடிகளில் கருவாடு காயப்போடுவாள். ஒவ்வொரு பருவமும் கேட்டாள். ஒவ்வொரு பருவமும் “வருது தங்கச்சி” என்றார். கொழும்பில் கட்சிகள் அடிபட்டு, புது யாப்பென்ற கதையே அடங்கிப்போனது. அவளும் கேட்பதை விட்டாள். ஒரு நாள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வலையை ஏற்றிக்கொண்டு, எலுவன்குளத்தில் இருக்கும் தன் தங்கச்சி தவமணியின் காணிக்கே போய்விட்டாள்.

இராஜேஸ்வரி பூட்டாமல் விட்டுப்போன வாடியைக் கடக்கும்போதெல்லாம் பத்திநாதருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. கடைசியில் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், போனால் போகட்டும் இந்தக் கதிரை என்று எழும்பினார். மகன் என்ற இடத்தில் மனைவி, மகள் என்றும் சேர்க்க வேண்டும் என்றார்.

முதல் உயர்ந்தது அத்தாஉல்லாவின் கை. “இத எப்பவோ கேட்டிருக்கலாமே தலைவர்? நாங்க வேணாமெண்டு சொன்னமா?”

எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவருக்கு முன்னால் வைத்த தேத்தண்ணி இன்னும் ஆறவில்லை.

மறுநாளே பஸ் ஏறி எலுவன்குளம் போனார். காட்டோரத்தில் மிளகாய்த் தோட்டம். மயிலுக்கும் பன்றிக்குமாகச் சுற்றிவர வலை வேலி. கிட்டப் போய்ப் பார்த்தார். முருகேசு கட்டிய கரைவலை துண்டு துண்டாய் வெட்டுப்பட்டு, கம்புகளில் வெயில் குடித்துக்கொண்டிருந்தது.

“யாப்பு மாத்தியாச்சு தங்கச்சி. முறை இனி உனக்குத்தான்” என்று சொல்லி முடிக்குமுன் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. “நான் உன்ர வயித்தில அடிச்சுப்போட்டன்.”

இராஜேஸ்வரி கோபிக்கவில்லை. வேலியைக் கொஞ்சம் தூக்கி அவரை உள்ளே விட்டாள்.

“எவ்வளவு நேரம் எடுத்தது அண்ணை, மாத்த?”

“தேத்தண்ணி ஆறேல்ல.”

அவள் வலையைப் பழையபடி கம்பில் இழுத்துக் கட்டினாள்.

“அந்தத் தேத்தண்ணியை நீங்கள் அண்டைக்கே குடிச்சிருக்கலாம்.”