சுவருக்குள் நிற்பவள்

என் மனைவி அலைதா இறந்த அன்று அவள் தங்கை த்ரெய்ன் வந்து, வீட்டிலிருந்த படங்களையும் கண்ணாடியையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். எங்கள் ஹார்லெம் ஊரில் சாவு வீட்டில் அப்படித்தான் வழக்கம். பிறகு கால்வாயில் பனிக்கட்டி உடைந்தது. டூலிப் பூத்து உதிர்ந்தது. நான் எதையும் திருப்பவில்லை.

"இன்னும் எத்தனை நாள் அத்தான், படத்தோட முதுகைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க?" என்றாள் த்ரெய்ன். "தாடியைப் பாருங்க. கண்ணாடி பயந்துதான் அந்தப் பக்கம் திரும்பி நிக்குது."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவளிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அலைதாவின் முகம் எனக்கு மறந்துபோயிருந்தது. குரல் இருந்தது. கை இருந்தது. முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

கல்யாணத்துக்கு முன் அவள் ஓவியர் யோரிஸுக்கு மாதிரியாக நின்றிருக்கிறாள். அவரிடம் போனேன், ஒரு முகம் வாங்கி வர.

மாடி முழுக்க ஆளிவிதை எண்ணெய் நெடி. கிழவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே வரவேற்றார்.

"வாங்க வக்கீல் தம்பி. லைடன்ல சட்டம் படிச்சவங்க படியேறி வர்ற அளவுக்கு நான் என்ன குத்தம் பண்ணேன்?"

"அலைதா இருக்கிற படம் ஒண்ணு வேணும்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது.

"எதைன்னு கொடுக்க? மீனு, மாடு, கப்பலு, குடிகாரன், வேதாகமம், எல்லாம் வரைஞ்சாச்சு. நான் தொடாதது பேய் ஒண்ணுதான். பாதிப் படத்துல அவ இருக்கா."

ஒவ்வொன்றாக இழுத்து நிறுத்தினார். உறைந்த கால்வாயில் சறுக்கிப் போகிறவள், கன்னம் சிவந்து. மீன் சந்தையில் பேரம் பேசுகிறவள், உதடு இறுகி. வேதாகமக் கதையில், லாசருவின் கல்லறையில் அழும் அவன் சகோதரி. சிப்பாயின் மடியில் பீரைக் கொட்டிவிட்டுச் சிரிக்கும் கள்ளி.

"தம்பி, இவங்கள்ல யாரோட நீங்க குடும்பம் நடத்துனது?"

கேலியாகத்தான் கேட்டார். நான் மறுபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரிடமும் அவள் சாயல் இருந்தது. யாரும் அவள் இல்லை. எழுந்தேன்.

கதவுக்குப் பின்னால் ஒரு படம் சாய்ந்திருந்தது. தேவாலயத்தின் உட்புறம். வெள்ளைத் தூண்கள், வெள்ளைச் சுவர், சுவரை அண்ணாந்து பார்க்கும் ஒரு நாய். ஆளில்லை. சுவரில் ஈரம் ஊறியதுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு கறை.

"அது கெட்டுப்போன படம்," என்றார். "அங்கயும் அவளைத்தான் நிக்க வெச்சேன். கால் சும்மா இருந்தாத்தானே! கோவத்துல மேல வெள்ளையை அடிச்சு மூடிட்டேன். இப்ப அந்தப் பூச்சு மெலிஞ்சு, அடியில இருக்கிறது மேல வருது."

ஜன்னலருகே தூக்கிப் போனேன். கறைக்கு முகமில்லை. கீழே பாவாடை விளிம்பு. அதற்கும் கீழே, காலணியிலிருந்து பாதி வெளியே வந்த வலது குதிகால்.

எங்கே நின்றாலும் அலைதா அந்தக் குதிகாலை வெளியே எடுத்துவிடுவாள். திருமணத்தன்று பாதிரியார் முன்னாலும் எடுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது.

"இதுதான்," என்றேன்.

"முகமே இல்லையே தம்பி. வேணும்னா சுரண்டிப் பார்க்கிறேன். வந்தா வரும். இல்லேன்னா மொத்தமும் போயிடும்."

"வேண்டாம்."

"தானாவும் வரும். ஆனா ரொம்ப வருஷமாகும். நான் இருக்க மாட்டேன்."

"நான் இருப்பேன்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

வீட்டில் அந்தப் படத்தை மட்டும் அறைப்பக்கம் திரும்பியிருக்கும்படி மாட்டினேன். மறுநாள் த்ரெய்ன் வந்து நின்று பார்த்தாள்.

"வெறும் சுவரையா அத்தான் காசு கொடுத்து வாங்குனீங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த நாய் எதைப் பார்க்குது?"

நாற்காலியைப் படத்துக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாய் பார்க்கும் இடத்தையே நானும் பார்த்தேன்.