வாய்விட்டுச் சொன்னவள்

சித்தூர் தமிழ்ச் சபையின் ஆயர் இன்பசேகரனுக்கு நற்கருணை ஞாயிறு என்றாலே பயம். மாதத்தின் முதல் ஞாயிறு, சபைக்கு அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற நாள் அது. திராட்சரசப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்குவார். அந்தக் கணத்தில் ஆண்டவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை, சந்தையில்கூடக் காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் வார்த்தை, மனசுக்குள் வந்து நிற்கும். அவர் அதைக் கூப்பிட்டதில்லை. துரத்தியும் அது போனதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து பார்த்தார். வார்த்தை வந்ததும் நூறு தடவை மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார். கேட்கக் கேட்க அது பெருகியது.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. முப்பத்தெட்டு வயதில் ஆள் பாதியாக இளைத்துவிட்டார். மனைவி மேரி என்ன ஏது என்று கேட்டபோது அல்சர் என்று சொல்லி வைத்தார். கடைசி மூன்று மாதமும் ஏதோ சாக்குச் சொல்லி, நகரியிலிருந்து இன்னொரு ஆயரை வரவழைத்துப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

1974 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிருபாவதி வந்தாள். இதே சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவள். திருப்பதியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக நர்ஸ். புத்தூரிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் பிரசவத்துக்கு வருகிறவர்கள் அவள் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வருவார்கள். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"ஐயா, இதுல இங்கிலீஷு சரியா இருக்குதான்னு பாத்துக் குடுங்க. மேட்ரனுக்குக் குடுக்கணும்."

வேலையை விடுவதாக எழுதியிருந்தாள். சொந்தக் காரணம் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"என்ன சிஸ்டர், கல்யாணம் ஏதாவது கூடிவந்திருக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க." தன் கைகளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "புள்ளைய குளிப்பாட்டி, தொடச்சி, கையில எடுக்கறப்ப, கீழ போட்டுடுன்னு உள்ள ஒண்ணு சொல்லுது. மொதல்ல எப்பவோ ஒரு தடவ. இப்ப ஒவ்வொரு புள்ளைக்கும் வந்துக்கினே இருக்குது. ஒரு புள்ளைக்கும் என் கையால ஒரு கீறல் பட்டதில்ல, ஐயா. ஆனா என் கைய என்னாலயே நம்ப முடியல. சோறு துன்னா உள்ள எறங்கல. எனக்குள்ள பிசாசு இருக்குதுன்னா மறைக்காம சொல்லிடுங்க."

அவள் அழவில்லை. நோயாளியின் நிலைமையை டாக்டரிடம் ஒப்பிக்கிற நர்ஸ் மாதிரி, ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தாள்.

இன்பசேகரன் காகிதத்தை மடித்தார். கட்டின மனைவியிடம் இரண்டு வருடமாகத் தான் மூடி வைத்ததை, இந்தப் பெண் பஸ் ஏறி வந்து மேஜைமேல் வைத்துவிட்டாளே என்றிருந்தது. உபவாசம் இருங்கள், இன்னும் ஊக்கமாக ஜெபியுங்கள் என்ற பதில் அவர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது என்ன செய்யும் என்பதும் அவருக்குத் தெரியும். அதை விழுங்கினார்.

"சிஸ்டர், எனக்கும் வருது," என்றார்.

பாத்திரத்தைப் பற்றிச் சொன்னார். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அவள் எழுந்து போய்விடுவாள் என்று பயந்தார். அவளோ நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வேற எப்பவாவது வருதா, ஐயா? துன்னும்போது, தூங்கும்போது?"

"இல்ல. அங்க மட்டுந்தான்."

"எனக்கும் வார்டுல மட்டுந்தான். வேற எங்கியும் இல்ல." யோசித்தாள். "நமக்கு எது ரொம்பப் பெருசோ, அதும்மேல வந்துதான் அது குந்திக்குது. எனக்குப் புள்ளைங்க. உங்களுக்கு ஆண்டவரு."

இறையியல் கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று இன்பசேகரன் நினைத்தார். பேச்சு தானாக வந்தது.

"வனாந்தரத்துல ஆண்டவர்கிட்டயே சோதனைக்காரன் பேசினான். தேவாலய உச்சியில நிறுத்தி, கீழ குதின்னான். அந்தப் பேச்சு அவர் காதுலயும் விழுந்துச்சு. விழுந்ததால அவர் மேல கறை ஒட்டிச்சா, சிஸ்டர்?"

இருபது தடவையாவது பிரசங்கம் பண்ணின இடம் அது. அன்றைக்குத்தான் அது அவருக்கே கேட்டது.

"அவரு குதிக்கல," என்றாள் கிருபாவதி.

"ஆமா. நீங்களும் புள்ளையப் போடல."

மேரி காபியோடு வந்தாள். கிருபாவதி இருக்கும்போதே இன்பசேகரன் மேரியிடமும் எல்லாவற்றையும் சொன்னார். மேரி தம்ளரை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். "அல்சருன்னு ரெண்டு வருஷமா காரமில்லாம ஆக்கிப் போட்டேனே," என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜெபமும் பண்ணுவோம். வேலூர்ல இதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க, அங்கயும் போவோம். போறதுல தப்பொண்ணும் இல்ல," என்றாள்.

மூன்று பேரும் சேர்ந்தே போனார்கள். அங்கே டாக்டர் முகம் சுளிக்கவில்லை. இது ஒரு நோய், நல்ல மனசுக்காரர்கள் நிறையப் பேர் இதே கதையோடு வருகிறார்கள் என்றார். மாத்திரை எழுதித் தந்தார். எண்ணத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள், கையில் இருக்கிற வேலையை விடாதீர்கள் என்றார். மேட்ரனுக்கு எழுதின காகிதம் கிருபாவதியின் கைப்பையிலேயே கிடந்தது. டாக்டர் சொன்னதையே அவள் ஒரு ஜெபமாக்கிக்கொண்டாள். ஆண்டவரே, வந்திருக்குது, நீங்க பாத்துக்கங்க. ஒரே தடவை. இரண்டாம் தடவை சொல்வதில்லை என்று இருவருமே முடிவு செய்தார்கள்.

சொன்ன அளவுக்குச் சுலபமாக இல்லை. இரண்டு வாரம் கழித்துத் திருப்பதியிலிருந்து அவளுடைய கார்டு வந்தது. நேற்று நாலு பிரசவம், நாலு தடவையும் வந்தது, நாலு பிள்ளையையும் நானே குளிப்பாட்டினேன் என்று எழுதியிருந்தாள். இன்பசேகரன் அதைப் பலமுறை படித்தார். பயம் இல்லாமல் வேலை செய்கிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். இவ்வளவு பயத்தோடு, ஒரு நாள்கூட லீவு போடாமல் வேலை செய்கிறவளை இப்போதுதான் பார்க்கிறார்.

அக்டோபர் முதல் ஞாயிறு நகரி ஆயருக்கு ஆள் அனுப்பவில்லை. பாத்திரத்தைத் தானே தூக்கினார். வார்த்தை வந்தது. மன்னிப்புக் கேட்டு நிற்காமல், ஒரே ஒரு தடவை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டு, முழங்காலில் இருந்தவர்களிடம் நடந்தார். அன்று பிரசங்கத்தில், கிருபாவதி பெயரை எடுக்காமல், தன் கதையை மட்டும் சபைக்குச் சொன்னார். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும் நாலு பேர் தனித்தனியாகக் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் ஆலயத்தில் மணியடிக்கிற கோயில் பிள்ளை கிருபானந்தம். தனக்கும் இப்படி ஒன்று வருவதைப் பதினேழு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததாகச் சொன்னார்.

டிசம்பரில் திருப்பதிக்குப் போனபோது இன்பசேகரன் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தார். சத்தியவேடு பக்கத்துச் சந்திரம்மாவுக்கு அன்று காலையில்தான் இரட்டைப் பிள்ளை. வார்டு ஓரத்தில் கிருபாவதி ஒன்றைத் தொட்டியில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தாங்கிய கை ஆடவே இல்லை.

"இன்னும் வருதா, சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இப்பகூட வந்துச்சு. வந்துட்டுப் போவட்டும். தண்ணி ஆறிடும்," என்றாள் திரும்பாமலே.

குளித்த பிள்ளையைத் துண்டில் சுற்றி, யோசனை எதுவும் இல்லாமல் அவர் கையில் வைத்தாள். "இத கொஞ்சம் புடிச்சிக்கினு இருங்க, ஐயா. இன்னொண்ணு அழுவுது."