நாலில் நின்ற எண்

"கம்பிரசர் ஆயில வெளிய எறக்கணும் ஜோதி, நெறையச் சேந்துபோச்சு. எத்தன காட்டுது?" என்று தங்கபாண்டி போனில் கேட்டபோது நாகஜோதி திரையைப் பார்த்தாள். அம்மோனியா அளவு நாலு என்று பச்சையில் இருந்தது. நாலு என்றால் மூக்கைச் சுளிக்கக்கூடக் காணாது.

"நாலுதேன். போங்க" என்றாள். நேரத்தோடு சாப்பிட வரச் சொல்ல நினைத்தாள். பக்கத்தில் நெட்வொர்க் வேலைக்கு வந்த ஸ்டீவன் உட்கார்ந்திருந்ததால் புருஷனிடம் கொஞ்சுவதுபோல் ஆகிவிடுமோ என்று போனை வைத்துவிட்டாள்.

கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது அந்தக் குளிர்பதனக் கிடங்கு. சுற்றுவட்டாரத்துத் திராட்சை பாதி அங்கேதான் வந்து அடையும். அதைக் குளிரவைப்பது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது சொன்ன பேச்சைக் கேட்கும், வெளியே வந்தால் எமன். அதற்காகவே தங்கபாண்டி வேலை பார்க்கும் கம்பிரசர் அறையில் தனியாக ஒரு காவல் கருவி வைத்திருந்தார்கள். வாயு கசிந்தால் அது யாரையும் கேட்காமல் கம்பிரசரை நிறுத்தும், சங்கை ஊதவிடும், அளவைக் கண்ட்ரோல் அறையிலிருக்கும் நாகஜோதியின் திரைக்கும் அனுப்பும். அந்தக் கருவிக்கும் திரைக்கும் நடுவே கிடந்த பழைய கேபிளை எடுத்துவிட்டுப் புது நெட்வொர்க் போடத்தான் தேனியிலிருந்து இன்ஜினியர் ஸ்டீவன் வந்திருந்தான்.

வேலை முடியும்வரை காவல் கருவியின் கையையும் வாயையும் கட்டிவைத்திருந்தார்கள். பைபாஸ் என்று அதற்குப் பெயர். ஏதாவது ஒயர் பட்டுக் கம்பிரசர் நின்றுபோனால் உள்ளே இருக்கும் சரக்கு என்னாவது என்று முதலாளிக்குக் கவலை. நியாயமான கவலைதான். ஆகவே இன்றைக்கு மட்டும் நிறுத்தவும் ஆளில்லை, ஊதவும் ஆளில்லை. திரையில் தெரிந்த அந்த ஒற்றை எண்தான் மொத்தக் காவலும்.

அவள் வேறு ஏதோ பார்த்துவிட்டுத் திரும்பினாள். நாலு. தண்ணீர் குடித்தாள். நாலு. தண்ணீர் பாட்டிலை மூடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த எண் கைக்குழந்தை மாதிரி, ஒரு நேரம் சும்மா இருக்காது. கதவைத் திறந்தால் மூன்றாகும், மூடினால் ஐந்தாகும். இப்போது தங்கபாண்டி கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறான். எண் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"சார், இது அசையவே இல்ல."

"லிங்க் இருக்குக்கா. பாருங்க, பச்சை லைட் எரியுது."

"அது எரியட்டும் சார். நம்பர் கடைசியா எப்ப மாறுச்சு?"

ஸ்டீவன் லேப்டாப்பைத் தட்டினான். மறுபடி தட்டினான்.

"கேபிள் நல்லாத்தேன் இருக்கு. அங்கருந்து புதுசா ஒண்ணும் வரலக்கா. கடைசியா வந்ததையே இது பிடிச்சு வச்சிருக்கு."

"வரலைன்னா இங்கன அலாரம் அடிக்கணுமே?"

காரணம் அவளுக்கே தெரிந்ததுதான். பழைய கேபிளில் தொடர்பு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அறுந்து அறுந்து சேரும். ஒவ்வொரு தடவையும் அலாரம் கத்தும். காது போகிறது என்று எல்லோரும் கூடிச் சொல்லி, முன்பிருந்த இன்ஜினியரை வைத்து அதை புரோகிராமிலேயே நிறுத்தியிருந்தார்கள். காவலுக்கு நாய் வாங்கி, குரைக்கிறது என்று வாய்க்கட்டுப் போட்ட கதை. ஸ்டீவன் பழைய புரோகிராமை அப்படியே புதுசுக்கு மாற்றியபோது வாய்க்கட்டும் கூடவே வந்துவிட்டது.

"எவ்வளவு நேரமா சார்?"

"காலைல டீ குடிச்சமே... அப்பருந்து."

அவள் புருஷனுக்குச் சொன்னது டீ நேரத்து நாலு. இப்போது உள்ளே நாலு இருக்கலாம். நானூறும் இருக்கலாம்.

போன் போட்டாள். முழுதாக அடித்து ஓய்ந்தது. கம்பிரசர் இரைச்சலில் அவனுக்கு எப்போதுதான் கேட்டிருக்கிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். எழுந்து சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் இறங்கி, இழுத்து, நின்றது. மறுபடி போன் போட்டாள். இப்போது கேட்க வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தது.

"அவுக உள்ள இருக்காக சார்" என்றாள். "நான்தேன் போகச் சொன்னேன்."

"அக்கா, நில்லுங்க. அந்தக் கருவிய இங்கருந்தே ரீஸ்டார்ட் பண்ணி நம்பர் வாங்கித் தாரேன். ஜன்னல்ல கையைக் காட்டுறேன். அதுவரைக்கும் கதவத் தொறந்துறாதீங்க!"

அதற்குள் அவள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். லாரிக்கு அடியில் டிரைவர் ஒருவர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மலைக்காற்று அவள் முதுகிலிருந்து வீசியது. அதனால் வாடை எதுவும் வரவில்லை. வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

கம்பிரசர் அறைக் கதவுக்கு வெளியே, சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே போகிறவர் அதிலிருந்து வாயு மாஸ்க்கை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. புழுங்குகிறது, மூச்சு முட்டுகிறது என்று யாரும் எடுப்பதில்லை. கண்ட்ரோல் அறைக்குப் போன் போட்டு எண்ணைக் கேட்பார்கள். ஒற்றை இலக்கம் என்றால் அப்படியே போய்விடுவார்கள். வருஷக்கணக்காக அதுதான் வழக்கம். பெட்டியில் எப்போதும் இரண்டு மாஸ்க் இருக்கும்.

இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்னங்க!" என்று கதவைத் தட்டினாள். "ஏங்க, கேக்குதா?" இரும்புக் கதவு அவள் சத்தத்தையே திருப்பித் தந்தது.

திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டீவன் எழுந்து நின்றிருந்தான். எண் வந்திருக்க வேண்டும். கை நெஞ்சுவரைக்கும் உயர்ந்து அங்கேயே நின்றது. போ என்கிறானா, வேண்டாம் என்கிறானா? கண்ணாடியில் வெயில் அடித்து முகம் தெரியவில்லை. அதற்குமேல் அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஒரு மாஸ்க்கை மாட்டினாள். அதன் வார் கூந்தலில் சிக்கியது. பிய்த்துக்கொண்டு இழுத்தாள். தன் மூச்சே காதுக்குள் பெரிதாகக் கேட்டது. மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் தள்ளினாள். குளிர் முதலில் அவள் பாதத்தைத் தொட்டது. பிறகு வெள்ளையாக ஏதோ தரையோடு தவழ்ந்து வெளியே வந்தது. இருட்டுக்குள் யாரோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பதுபோல, அந்த மாஸ்க்கை முன்னால் நீட்டியபடி அவள் உள்ளே நடந்தாள்.